ஒரே அடைப்பு, எதிரெதிர்த் தீர்ப்பு

இடக்கைக்கு ரத்தம் கொண்டுபோகும் சப்கிளேவியன் தமனி, பெருந்தமனியின் வளைவிலிருந்து கிளம்பிக் காறை எலும்பைத் தாண்டுவதற்குள்ளாகவே இரண்டு முக்கியமான கிளைகளை விடுகிறது. மேல் விளிம்பிலிருந்து புறப்படும் முள்ளெலும்புத் தமனி, கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே ஏறி மூளையின் பின்பகுதிக்குச் செல்கிறது. ஏறக்குறைய அதற்கு நேர் எதிரே, கீழ் விளிம்பிலிருந்து புறப்படும் உள்மார்புத் தமனி மார்பெலும்பின் ஓரமாக இறங்குகிறது. பைபாஸ் அறுவை அரங்கில் ‘லிமா’ என்று அழைக்கப்படுவது இதுதான். ஒன்று ஏறுகிறது, மற்றது இறங்குகிறது. முதலாவது மூளைக்கு உரியது. இரண்டாவது, இயற்கை வகுத்தபடி மார்புச் சுவருக்கும், அறுவை மருத்துவர் மாற்றி வகுத்தபடி இதயத்துக்கும் உரியது.

இந்த இரு கிளைகளுக்கும் முன்னால், தாய்த்தமனியின் வாயருகே கொழுப்புப் படிந்து குழாய் சுருங்கிவிட்டால், இரண்டுமே ஒரே விதமாகப் பாதிக்கப்படக்கூடும். ரத்தம் திசைமாறி, தான் ஊட்ட வேண்டிய உறுப்பிலிருந்தே கைக்குத் திரும்பி ஓடும். மூளையிடமிருந்து கை எடுத்துக்கொள்வது முதல் வகை. ஒட்டப்பட்ட லிமா வழியே இதயத்திடமிருந்து கை எடுத்துக்கொள்வது இரண்டாம் வகை. மருத்துவ நூல்கள் இரண்டையுமே ரத்தத் திருட்டு என்கின்றன. இடம் ஒன்று, காரணம் ஒன்று, இயக்கமும் ஒன்று. ஆனால் முதல் வகையைக் கண்டால் பெரும்பாலும் காத்திருக்கிறார்கள். இரண்டாம் வகை வரக்கூடும் என்ற நிலை தெரிந்தாலே, பைபாஸுக்கு முன் கைத்தமனியைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். ஒரே அடைப்புக்கு இப்படி எதிரெதிராகத் தீர்ப்பளிப்பது நியாயம்தானா என்பதை நாம் சற்று நின்று எடைபோடலாம்.

முதலில் வெளிச்சத்துக்கு வந்தது மூளைவழித் திருட்டு. 1960-இல் இத்தாலியின் கொன்தோர்னி, முள்ளெலும்புத் தமனியில் ரத்தம் தலைகீழாக ஓடுவதை ஆஞ்சியோ படத்தில் காட்டினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ரீவிச் குழுவினர், அந்தத் தலைகீழ் ஓட்டத்தையும் மூளைக்கு ரத்தம் குறைவதால் வரும் அறிகுறிகளையும் இணைத்து எழுதினார்கள். இதயவழித் திருட்டு பதிவாக மேலும் 13 ஆண்டுகள் ஆயின. 1974-இல் பின்லாந்தின் ஹர்யோலாவும் வால்லேயும் அதைப் பற்றி எழுதியபோது, இதயத் தமனிச் சீரமைப்புக்கு முன் பெருந்தமனி வளைவையோ சப்கிளேவியனையோ படமெடுத்துப் பார்ப்பதன் முக்கியத்துவத்தைக் கட்டுரையின் தலைப்பிலேயே வைத்தார்கள். நோயை அறிவித்த கட்டுரையே அதைத் தடுக்கும் வழியையும் தலைப்பில் தாங்கி வந்தது அபூர்வம்.

இந்தத் தாமதத்துக்குக் காரணம் எளிது. கை மூளையிடமிருந்து ரத்தம் எடுத்துக்கொண்ட நோயாளிகள், பெயர் வைப்பதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே உலகில் வாழ்ந்திருப்பார்கள். கை இதயத்திடமிருந்து எடுத்துக்கொண்ட நோயாளி 1960-களுக்கு முன் இருந்திருக்கவே முடியாது. 1964-இல் லெனின்கிராடில் கொலெசோவ் உள்மார்புத் தமனியை இதயத் தமனியோடு நேரடியாகத் தைத்தார். 1968-இல் நியூயார்க்கில் ஜார்ஜ் கிரீன் அதை முறைப்படுத்தினார். 1986-இல் கிளீவ்லேண்ட் மருத்துவமனையின் லூப் குழுவினர், எல்ஏடி எனப்படும் முன்புறத் தமனிக்கு லிமா ஒட்டப்பட்டவர்கள், கால் சிரை மட்டும் ஒட்டப்பட்டவர்களைவிடப் பத்தாண்டு முடிவில் கூடுதல் விகிதத்தில் பிழைத்திருப்பதைக் காட்டியபின், லிமா பைபாஸின் முதல் தேர்வாயிற்று. அதாவது, முதல் வகைத் திருட்டுக்கு வழியமைத்தது உடற்கூறு. இரண்டாம் வகைக்கு வழியமைத்தது அறுவை மருத்துவத்தின் மிகச் சிறந்த வெற்றிகளில் ஒன்று.

இயக்கத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் இடையே மயிரிழை வேறுபாடுதான். தலைமடை அடைபட்ட வாய்க்காலில் மட்டம் இறங்கினால், அதோடு இணைந்த பக்கத்துக் கால்வாயின் தண்ணீர் இதற்குள் பாயும். இங்கும் அதே விதி. சுருக்கத்துக்கு அப்பால் தமனியின் அழுத்தம் விழுகிறது. வலப்பக்க முள்ளெலும்புத் தமனி மூளையின் அடியில் இடப்பக்கத் தமனியோடு சேருவதால், வலப்பக்கம் ஏறிய ரத்தம் இடப்பக்கம் இறங்கிக் கைக்கு வருகிறது. பைபாஸ் ஆனவரிடம், எல்ஏடியில் எஞ்சியிருக்கும் வழியே வந்த ரத்தம் லிமாவில் ஏறிக் கைக்கு வருகிறது. கை உழைக்கும்போது தசைக்குள் தமனிகள் விரிகின்றன, இழுப்பு கூடுகிறது. அதனால்தான் பாடப்புத்தக நோயாளிகள் இருவருமே கையை உயர்த்தி வேலை செய்யும்போது துன்பப்படுகிறார்கள். ஒருவருக்குத் தலைசுற்றல், இரட்டைப் பார்வை, சில வேளை மயக்கம், மற்றவருக்கு நெஞ்சுவலி. துணி உலர்த்தும்போதும் சுவரில் வெள்ளையடிக்கும்போதும் மட்டும் வரும் நெஞ்சுவலியை, மாடிப்படி ஏறும்போது வரும் நெஞ்சுவலியிலிருந்து பிரித்துக் கேட்டு வாங்கத் தெரிந்த மருத்துவர் பாதி நோயைக் கேள்வியிலேயே பிடித்துவிடுவார்.

பாடப்புத்தகத்தை விட்டு வெளியே வந்தால்தான் இருவரும் பிரிகிறார்கள். முள்ளெலும்புத் தமனியில் ரத்தம் முழுக்கத் தலைகீழாக ஓடியும் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களே அதிகம். மூளைக்கு ரத்தம் கொண்டுபோக நான்கு தமனிகள் உண்டு. அவை அடிமூளையில் ஒரு வளையமாகக் கைகோத்திருப்பதால், ஒன்று கொடுக்காமல் எடுத்துக்கொண்டாலும் மற்ற மூன்றும் ஈடுகட்டுகின்றன. பைபாஸ் செய்த இதயத்தில் அப்படியொரு வளையம் இல்லை. எல்ஏடி ஊட்டுவது இடக்கீழறையின் முன்சுவரையும் நடுச்சுவரின் பெரும்பகுதியையும். அந்தத் தமனி ஏற்கெனவே அடைபட்டிருந்ததால்தான் லிமாவே ஒட்டப்பட்டது. ஆகவே லிமா கைவிட்டால் பின்னால் நின்று தாங்க ஆளில்லை. கையை அசைத்தால் வலி என்ற மென்மையான எச்சரிக்கைகூட இல்லாமல், நேராக மாரடைப்பாகவோ இதயச் செயலிழப்பாகவோ வந்து நிற்கும் நோயாளிகளும் உண்டு. மூளை பழகிக்கொள்ளும் ஒன்றை இதயம் பழகிக்கொள்வதில்லை. தீர்ப்புகள் எதிரெதிராக இருப்பதன் முதல் நியாயம் இதில் இருக்கிறது.

இரண்டையும் கண்ணால் காணும் தருணங்களும் வேறு. மூளைவழித் திருட்டை, ஒலியலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் கருவி படிப்படியாகக் காட்டும். கழுத்தின் பக்கவாட்டில் கருவியின் முனையை வைத்தால், சுருக்கத்தின் தொடக்கத்தில் ஒவ்வொரு துடிப்பலையின் உச்சியிலும் ஒரு சிறு பள்ளம் விழும். சுருக்கம் முற்றும்போது பள்ளம் ஆழமாகி, ஒரே துடிப்புக்குள் ரத்தம் முன்னும் பின்னும் ஊசலாடும். இறுதியில் அலை முழுவதும் கோட்டுக்குக் கீழே கவிழ்ந்துவிடும். சந்தேகமாக இருந்தால் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றி ரத்தத்தைச் சில நிமிடம் நிறுத்திவைத்துச் சட்டென்று அவிழ்ப்பார்கள். பசித்திருந்த கை ரத்தத்தை இழுக்கும் அந்தக் கணத்தில், தயங்கிக்கொண்டிருந்த அலை கவிழ்ந்து உண்மையைச் சொல்லும்.

இதயவழித் திருட்டு பெரும்பாலும் ஆஞ்சியோ எடுக்கும் கேத் லேபில்தான் வெளிப்படும். பைபாஸ் முடிந்து ஆண்டுகள் கழித்து நெஞ்சுவலியோடு வந்தவரின் இடப்பக்க இதயத் தமனிக்குள் சாயம் செலுத்தப்படுகிறது. திரையில் எல்ஏடி கறுத்துத் தெரிகிறது. அதோடு முடிய வேண்டிய சாயம், தையலைத் தாண்டி லிமாவுக்குள் நுழைந்து, மார்பெலும்பின் ஓரமாக மேல்நோக்கி ஏறி, சப்கிளேவியனில் போய்க் கலைகிறது. தையல் நன்றாக இருக்கிறது, குழாய் அகலமாகத் திறந்திருக்கிறது, ஓட்டம் மட்டும் தலைகீழ். அறுவை மருத்துவரின் வேலையில் குறையே இல்லாத ஒரு பைபாஸ் இப்படித் தோற்கிறது.

இங்கேதான் ஒப்பீட்டின் சுவையான இடம் வருகிறது. இதயவழித் திருட்டை நாம் பைபாஸுக்கு முன்பே தடுக்க விரும்புகிறோம். ஆனால் பைபாஸுக்கு முன் அந்த நோய் அந்த உடலில் இல்லவே இல்லை. லிமா இன்னும் மார்புச் சுவரில்தான் இருக்கிறது. எதையும் அது இதயத்திடமிருந்து எடுக்க முடியாது. நோயாளியிடம் கேட்டால் சொல்ல அவருக்கு அறிகுறி கிடையாது. இன்னும் பிறக்காத நோயை எதைக் கொண்டு அறிவது? அதன் உடன்பிறப்பைக் கொண்டுதான். பைபாஸுக்குமுன் பக்கவாத அபாயத்தைக் கணிக்கப் பலருக்குக் கழுத்து டாப்ளர் எடுக்கிறார்கள். மூளைக்குச் செல்லும் கரோட்டிட் தமனியைத் தேடிப்போன அந்தப் பரிசோதனையில் முள்ளெலும்புத் தமனியின் அலை கவிழ்ந்திருந்தால், மூளையைப் பொறுத்தவரை அது பெரிய செய்தியாக இல்லாமல் போகலாம். லிமாவைப் பொறுத்தவரை அது மிகப் பெரிய செய்தி. பெரும்பாலும் தீங்கில்லாத திருட்டு, தீங்கான திருட்டுக்கு முன்தூது சொல்கிறது. அறிக்கையின் கடைசி வரியில் ‘இடப்பக்க முள்ளெலும்புத் தமனியில் ஓட்டம் தலைகீழ்’ என்று இருந்து, அது மூளைக்கான குறிப்பாக மட்டும் வாசிக்கப்பட்டு ஒதுக்கப்பட்டால் இழப்பு பெரிது. இந்தப் பொருளில் எனக்கு மிகவும் கவலையளிக்கும் இடம் இதுதான்.

அதைவிட எளிய முன்தூது இரண்டு கைகளிலும் பிரஷர் பார்ப்பது. இங்கே இரு வகைகளும் மறுபடி ஒன்றாகின்றன. இரண்டுக்கும் முதல் சோதனை இதுவே. 2012-இல் ‘லான்செட்’ இதழில் கிளார்க் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சப்கிளேவியன் பாதிக்கு மேல் சுருங்கியது ஆஞ்சியோவில் உறுதியானவர்களிடம் இரு கைகளுக்கும் இடையே மேல் அழுத்தம் சராசரியாக 37 மி.மீ. அளவுக்கு வேறுபட்டது. 10 மி.மீ. வேறுபாடே சந்தேகத்துக்குப் போதும். 15 தாண்டினால் படமெடுத்துப் பார்க்காமல் விடக்கூடாது. இரண்டு மணிக்கட்டு நாடிகளையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்த்தால், சுருங்கிய பக்கத்து நாடி மெலிந்து, ஒரு கணம் பிந்தி வந்து விரலைத் தொடும். காறை எலும்புக்கு மேலுள்ள குழியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் ‘உஸ்’ என்ற இரைச்சல் கேட்கலாம். இவை எதற்கும் செலவில்லை.

செலவில்லாத இந்தச் சோதனை தவறிப்போவது எப்படி என்பதை வார்டில் நின்று பார்த்தால் விளங்கும். ஒரு கையில் டிரிப் ஓடுகிறது. ஆகவே பட்டை மறு கையில். ஆஞ்சியோ பெரும்பாலும் வல மணிக்கட்டு வழியாக நடந்துவிடுகிறது. இடக்கைத் தமனியின் வாசலைச் சாயம் எட்டிப் பார்ப்பதே இல்லை. கேஸ் ஷீட்டில் பிரஷர் என்று ஒரே எண். எந்தக் கை என்று எழுதுவதில்லை. சப்கிளேவியன் சுருக்கம் வலப்பக்கத்தைவிட இடப்பக்கத்தில் மூன்று, நான்கு மடங்கு அதிகம், லிமாவும் இடப்பக்கத்தது. கேஸ் ஷீட்டில் ஒரு கட்டத்துக்குப் பதில் இடம், வலம் என்று இரண்டு கட்டங்கள் அச்சிட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும் என்று நம்புகிறேன். 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இந்தச் சுருக்கம் பொதுமக்களில் 1.9 சதவீதம் பேரிடமும், மருத்துவமனைகள் வழியே சேர்க்கப்பட்டவர்களில் 7.1 சதவீதம் பேரிடமும் தென்பட்டது. பைபாஸுக்கு வருபவர்கள் இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

பிரஷர் பட்டைக்கும் குருட்டுப் பகுதி உண்டு. இரு கைத்தமனிகளும் சமமாகச் சுருங்கியிருந்தால் வேறுபாடே தெரியாது. இரு கைகளிலும் பிரஷர் பொய்யாகக் குறைந்து காட்டும், உயர் ரத்த அழுத்தம் ஒளிந்துகொள்ளும். ஆசிய நாடுகளில் கூடுதலாகக் காணப்படும், இளம்பெண்களைப் பெரிதும் தாக்கும் டகாயாசு அழற்சியில் இப்படி நேரலாம். கணுக்காலிலும் பிரஷர் பார்த்து ஒப்பிடுவதும், ஐயமிருந்தால் சி.டி. ஆஞ்சியோ எடுப்பதுமே வழி.

இனி சிகிச்சை. மூளைவழித் திருட்டு அறிகுறியில்லாமல் இருந்தால் ஆஸ்பிரின், கொழுப்புக் குறைப்பு மாத்திரை, புகையை விடுதல், உயர்ந்த எண் காட்டும் கையில் பிரஷரைக் கண்காணித்தல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வதே வழக்கம். தலைகீழ் ஓட்டம் படத்தில் தெரிகிறது என்பதற்காக மட்டும் குழாயைத் திறப்பதில்லை. இதயவழித் திருட்டில், இன்னும் நேராத நிலையிலேயே, தீர்ப்பு மறுபக்கம் சாய்கிறது. 2017-இல் வெளியான ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் வழிகாட்டுதல், அதே பக்கத்து உள்மார்புத் தமனியைப் பயன்படுத்திப் பைபாஸ் செய்யவிருப்பவருக்கு, அறிகுறி இல்லாவிட்டாலும் சப்கிளேவியன் சுருக்கத்தைச் சரிசெய்வதைக் கருத வேண்டும் என்கிறது. ஒரே படத்தை ஒரே நாளில் இரு மருத்துவர்கள் பார்த்து ஒருவர் ‘விட்டுவிடுங்கள்’ என்றும் மற்றவர் ‘திறந்துவிடுங்கள்’ என்றும் சொன்னால், இருவருமே சரியாகச் சொல்லியிருக்கக்கூடும். கேள்வி சுருக்கத்தின் சதவீதத்தைப் பற்றியது மட்டுமன்று. அந்தக் குழாயை நம்பி இனி எந்த உறுப்பு பிழைக்கப்போகிறது என்பதையும் பற்றியது.

திறக்கும் வழிகளிலும் ஓர் இணை இருக்கிறது. பழைய வழி, கழுத்தில் கரோட்டிட் தமனியிலிருந்து சப்கிளேவியனுக்கு ஒரு செயற்கைக் குழாயை ஒட்டுவது. 1967-இல் ஹூஸ்டனில் டீபேக்கியின் குழுவினர் இப்படிச் செய்த 125 பேரின் அனுபவத்தை வெளியிட்டார்கள். புதிய வழி, 1980 முதல் வந்த பலூனும் அதைத் தொடர்ந்து வந்த ஸ்டென்டும். பழைய வழி நீண்ட நாள் திறந்திருப்பதில் பெயர்பெற்றது. புதிய வழி கத்தியில்லாமல் முடிகிறது, ஆனால் முழுதாக அடைபட்ட தமனியில் சில வேளை கம்பியே நுழையாது. கரோட்டிட் வழியைத் தேர்ந்து, பின்னர் லிமாவை இதயத்தில் ஒட்டினால், மூளைக்குப் போகும் தமனியிலிருந்து பிரிந்த ரத்தம் சப்கிளேவியனுக்கு வந்து, லிமா வழியே இறங்கி இதயத்தின் முன்சுவரை ஊட்டும். மூளைக்குரிய வழியில் இதயத்துக்கும் ஒரு பங்கு வைக்கப்படுகிறது. அதனால் அந்தக் கரோட்டிட் நோயில்லாமல் இருப்பது முன்நிபந்தனை.

ஸ்டென்ட் வழியில் இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. பலூனை விரிக்கும்போது உதிரும் கொழுப்புத் துகள்கள் முள்ளெலும்புத் தமனியில் ஏறி மூளைக்குப் போய்விடுமே என்று அஞ்சுவது இயல்பு. 1984-இல் ஜெர்மனியில் ரிங்கல்ஸ்டைனும் ஸாய்மரும் கவனித்தது வேறு: சுருக்கம் திறந்த உடனேயே தலைகீழ் ஓட்டம் நேராகிவிடவில்லை, 20 நொடியிலிருந்து சில நிமிடங்கள் வரை எடுத்துக்கொண்டது. அந்த இடைவெளியில் துகள்கள் மூளைக்கு ஏறாமல் கைக்குள் அடித்துச் செல்லப்படும். மூளையிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்த ஓட்டமே சிகிச்சையின் நேரத்தில் அதைக் காக்கிறது. லிமா ஏற்கெனவே ஒட்டப்பட்டு அதில் ஓட்டம் இன்னும் நேராகவே இருக்கும் நோயாளிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது; உதிர்வது நேராக இதயத்துக்கு இறங்கலாம். பைபாஸுக்கு முன்பே திறந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முன்பே திறப்பதில் கால நெருக்கடி ஒன்று உண்டு. ஸ்டென்ட் வைத்தவருக்கு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரை தேவை. பைபாஸுக்கோ அதை ஐந்து நாள் முன்பே நிறுத்துவது வழக்கம், இல்லாவிட்டால் ரத்தக்கசிவு கூடும். அவகாசம் இருப்பவருக்கு ஸ்டென்ட், இடைவெளி, பிறகு பைபாஸ் என்று வரிசைப்படுத்தலாம். அவகாசமில்லாதவருக்கு லிமாவைத் தாய்த்தமனியிலிருந்து வெட்டியெடுத்து, அதன் மேல்முனையைப் பெருந்தமனியிலேயே தைத்துவிடலாம். அல்லது வலப்பக்கம் நன்றாயிருந்தால் அந்தப் பக்கத்து உள்மார்புத் தமனியைப் பயன்படுத்தலாம். மூளைவழித் திருட்டில் இப்படித் தப்பிக்கும் வழிகள் குறைவு. ஆபத்தான வகைக்கு மாற்றுவழிகள் மிகுதி, அதுவும் அறுவைக்கு முன்பு வரைதான். மார்பை மூடியபின் கையில் இருப்பது பெரும்பாலும் ஸ்டென்டும் கழுத்து அறுவையுமே.

அறுவையின்போது அகலமாயிருந்த சப்கிளேவியன் பத்தாண்டு கழித்துச் சுருங்கக்கூடும் என்பதால், லிமா ஒட்டியவருக்கு ஒவ்வொரு மறுபரிசோதனையிலும் இரு கைப் பிரஷர் தேவை. அவர்களில் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸுக்குச் செல்வோருக்கு இந்த ஒப்பீடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறது. இடக்கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா அமைத்தால், கை ஓய்வாக இருக்கும்போதும் கடுமையாக உழைக்கும் கையைப்போல ரத்தத்தை இழுக்கும். சுருக்கம் சிறிதாக இருந்தாலும், சில வேளை சுருக்கமே இல்லாவிட்டாலும், லிமாவின் ஓட்டம் குறையவோ திரும்பவோ செய்யலாம். டயாலிசிஸ் மேசையில் மட்டும் நெஞ்சுவலி வருகிறது என்று சொல்லும் நோயாளியிடம் ஃபிஸ்டுலா எந்தக் கையில், பைபாஸில் ஒட்டியது எந்தத் தமனி என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இன்னும் ஃபிஸ்டுலா அமைக்காதவராக இருந்தால், லிமா இருக்கும் பக்கத்தை விட்டு வலக்கையைத் தேர்ந்துகொள்ளும்படி அவரது இதய மருத்துவர் சிறுநீரக மருத்துவருக்கு எழுதி அனுப்பலாம்.